மேற்குச் சுவருக்கு ஏசிபி: மும்பை மழையில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

செம்பூர்வாசி:
கசிவு நிற்கும் என்று நம்பி வெளிச்சுவரில் ஏசிபி (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பெரும்பாலும் பிளாஸ்டிக் வைத்த பலகை) போடும் குடியிருப்பு சொசைட்டிகள் பெருகிவிட்டன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு மழை சுவரில் அறையும் ஊர் இது. தகடுகளின் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் ஓரத்தில் பிடி விட்டால் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கும். சுவரே கண்ணுக்குத் தெரியாதபோது எங்கே கசிகிறது என்று யார் தேடுவது? முதலில் பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாகக் கேட்கும் இடமெல்லாம் கொத்திப் பூசி, விரிசலை அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகுதான் தகட்டைத் தாங்கும் ஃபிரேம்.

தாராவி ஃபேப்ரிகேட்டர்:
சரிதான் அண்ணா. ஆனால் சீலன்ட் சும்மா விடுவதில்லை. வெயிலில் 50 டிகிரி ஏறினால் 8 அடித் தகடு கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். 5 மி.மீ. இடைவெளியில் சிலிகான் சீலன்டைத் திணித்தால் கிழியத்தான் செய்யும். 12 மி.மீ. விடுங்கள், உள்ளே பேக்கர் ராட் (நுரைக் கயிறு), சிலிகான் ஆழம் 6 மி.மீ. ராட் இருந்தால் சிலிகான் இரண்டு விளிம்பில் மட்டும் பிடிக்கும், இழுபடும். பின்பக்கமும் ஒட்டிவிட்டால் போச்சு. வினிகர் வாடை வரும் ரகம் வேண்டாம், நியூட்ரல் க்யூர் கேளுங்கள்.

தகட்டை மடிக்கப் பின்பக்கம் வி-க்ரூவ் (வி வடிவப் பள்ளம்) போடும்போது முன்பக்க அலுமினியத்தின் மேல் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்காவது மிஞ்ச வேண்டும். பிளேடு அலுமினியத்தைத் தொட்டால் அந்த மூலை பிறகு வெடிக்கும். மெட்டாலிக் கலர் என்றால் மேலே ஒட்டிய பாதுகாப்பு ஃபிலிமில் உள்ள அம்புக்குறி எல்லாத் தகட்டிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். இல்லாவிட்டால் தகட்டுக்குத் தகடு வேறு நிறமாகத் தெரியும். கடற்காற்று படும் இடத்தில் எஸ்எஸ் 316 (துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) ஸ்க்ரூ. இரும்பு ஃபிரேம்தான் என்று பிடிவாதம் பிடித்தால் கால்வனைஸ் செய்து, அலுமினியம் தொடும் இடத்தில் ரப்பர் கேஸ்கெட் வையுங்கள்.

சைட் இன்ஜினியர்:
நெருப்பை யாருமே பேசவில்லையே? 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் உயிர் போனதில் பாலிஎத்திலின் கோர் (நடுவில் உள்ள, எரியும் பிளாஸ்டிக்) வைத்த தகட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 4 மி.மீ. தகடு, 0.5 மி.மீ. அலுமினியத் தோல் என்று கொட்டேஷனில் எழுதினால் மட்டும் போதாது. கோர் என்ன என்று எழுதி வாங்குங்கள், டெஸ்ட் சர்டிஃபிகேட்டை இறங்கிய சரக்கின் பேட்ச் எண்ணோடு ஒப்பிடுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, தீப்பிடித்தால் புகைபோக்கிதான். மாடிக்கு மாடி ஸ்லாப் மட்டத்தில் ராக்வூல் (எரியாத கல் இழைப் பஞ்சு) வைத்து மறியுங்கள், அதன் மேல் தண்ணீரை வெளியே தள்ள வெளிப்பக்கம் சரிந்த ஃப்ளாஷிங் தகடு. மறிப்பு மட்டும் வைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும்.

மாட்டுங்கா செயலாளர்:
இரண்டு சேர்க்கிறேன் சார். ஏசி பிராக்கெட்டையும் குழாய் நுழையும் ஸ்லீவையும் தகடு ஏற்றும் முன்பே சுவரில் போட்டுவிடுங்கள், ஸ்லீவ் வெளிப்பக்கம் சரிவாக. பிறகு வரும் ஏசிக்காரர் தகட்டில் துளை போட்டால் வாரண்டி பேச்சே கிடையாது. புறா புகும் என்று தகட்டின் கீழ் விளிம்பைச் சிலிகானால் அடைக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற வேண்டிய வழியே அதுதான். எஸ்எஸ் வலை போடுங்கள்.