புயல் கரையைக் கடந்த பிறகுதான் ஏற்காட்டுக்கு ஆபத்தா?

நாகலூர்ப் பொண்ணு:
அப்பாவும் அம்மாவும் ஏற்காடு மலையில, நாகலூர்ல காப்பித் தோட்டத்துலயே இருக்காங்க. நான் சேலம் அஸ்தம்பட்டியில. 2024ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததும், "இனி மழை விட்டுரும்"னு அப்பா நிம்மதியா போனை வெச்சார். அதுக்கப்புறம்தான் ஏற்காட்டுல கொட்டித் தீர்த்துச்சு. மலைப்பாதையில மண் சரிஞ்சு பஸ் நின்னுபோச்சு, போனும் கிடைக்கல. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த புயலுக்கு ரெண்டு பேரையும் முன்கூட்டியே கீழே கூட்டிட்டு வந்துடலாமா? பழம் எடுக்கற நேரத்துல தோட்டத்தை விட்டு வரமாட்டேங்கறார் அப்பா.

சேர்வராயன் விவசாயி:
கூட்டிட்டு வந்துரு கண்ணு. கரை ஏறினா கடல் சூடு கிடைக்காம காத்து அடங்கும். ஆனா மேகத்துல இருக்கற தண்ணி எங்க போகும்? ஃபெஞ்சல் புதுச்சேரி கிட்டயே நகராம நின்னு, அங்க ஒரே நாள்ல 48 செ.மீ. பெய்ஞ்சுது. பிறகு மெதுவா மேற்கே வந்துச்சு. ஈரக்காத்து மலையில மோதி மேலே ஏறினா குளிர்ந்து கொட்டத்தான் செய்யும். டிசம்பர் 2 காலை கணக்குல ஊத்தங்கரையில மட்டும் 50 செ.மீ. கடல் எங்க, ஊத்தங்கரை எங்க! அதுக்கு முந்தின நாள் திருவண்ணாமலையில மண் சரிஞ்சு 7 பேர் போனாங்க, அதுல 5 குழந்தைங்க. இன்னும் மனசு ஆறல.

துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தறாங்க. மலைக்கு அப்படி ஒண்ணும் இல்லை. நாமதான் கண்ணு வெச்சுப் பார்க்கணும். சரிவுல புதுசா வெடிப்பு விட்டாலோ, மரம் சாய்ஞ்சாலோ, தெளிவா வந்த ஊத்து திடீர்னு கலங்கினாலோ ஒரு நிமிஷம்கூட அங்க நிக்கக்கூடாது. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லணும்.

விடாம மழை பெய்ஞ்சா பழுத்த பழம் வெடிச்சுக் கொட்டும், களத்துல காயறது பூஞ்சை பிடிக்கும். அப்பா பக்கத்துலயே நின்னாலும் அதைத் தடுக்க முடியாது. பழுத்ததை மட்டும் எடுத்து, காஞ்சதை மூட்டை கட்டி உள்ளே வெச்சுட்டு இறங்கச் சொல்லு.

பெண்ணைக்கரை:
நான் கடலூர் பக்கம்ங்க. உங்க மலை மழை எங்க வீட்டுக்கும் வருது. ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையில பிறக்கற வாணியாறு தென்பெண்ணையிலதான் சேருது. புயல் ஓய்ஞ்சுதுன்னு வீட்டைக் கழுவிக்கிட்டு இருந்தோம். தென்பெண்ணை மேல இருக்கற சாத்தனூர் அணையில 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க, ஆறு ஊருக்குள்ள வந்துருச்சு. எங்களுக்குக் காத்தைவிட அந்தத் தண்ணிதான் பெரிய அடி. மேலே பெருமழைன்னா தயவுசெய்து இங்க ஒரு வரி போடுங்க. மாட்டையாவது அவிழ்த்து விடுவோம்.

நாகலூர்ப் பொண்ணு:
கண்டிப்பா போடறேன் அண்ணா. ஐயா, பெரிய பாதை அடைச்சாலும் குப்பனூர் பாதை இருக்கேன்னு அப்பா சொல்றார்.

சேர்வராயன் விவசாயி:
அதுவும் மலையை வெட்டிப் போட்ட பாதைதான் கண்ணு. அதை நம்பிக் கடைசி வரைக்கும் உட்கார வேண்டாம். மழை பிடிக்கறதுக்கு முந்தின நாள், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடணும். புயல் கடந்துருச்சுன்னு செய்தி வந்ததும் திரும்பி ஏறவும் கூடாது. மழை விட்டு ரெண்டு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும், அதுக்கப்புறம் நீயும் கூடப் போய் வீட்டுப் பின்பக்கச் சரிவைப் பார்த்துட்டு விட்டுட்டு வா.