1950-களின் வானொலி நாள்: வால்வு ரேடியோ உறுமுகிறது

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
தோட்டத்து மண்டபத்தில் அந்தக் கால வானொலி நாள் ஒன்றை நடத்துகிறோம். வால்வு ரேடியோவைப் போட்டதும் 'ம்ம்ம்' என்ற உறுமல். உறுமலை எப்படிச் சரிசெய்வது? அன்றைய கொழும்பு வானொலி நிகழ்ச்சிகளின் நேரத்தை நம் நேரத்துக்கு எப்படி மாற்றுவது?

பதில் 1:
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உறுமலுக்குப் பெரும்பாலும் காய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பாகம்) காரணம். அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), 450 வோல்ட்டில் புதிது போடுங்கள். பழையதைக் கழற்றுமுன் அதில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியே வடித்துவிடுங்கள். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு வலை) போகும் மெழுகுக் காகித கெப்பாசிட்டரையும் விடாதீர்கள். அது கசிந்தால் வால்வின் தகடு சிவந்து, டிரான்ஸ்ஃபார்மரும் எரியலாம். முதல் முறை 60 வாட் குண்டு பல்பை ரேடியோவுக்கு வரும் மின்கம்பியில் தொடராக இணைத்துப் போடுங்கள்: பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காவிட்டால் உள்ளே ஷார்ட்.

பதில் 2:
அப்போது மலாயா கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னே, இலங்கை ஐந்தரை. ஆக 2 மணி வித்தியாசம்; கொழும்பில் இரவு 8 என்றால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) 10, விடியலில் பெரட்டுக்குப் (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) போகிறவர் தூங்கும் நேரம். இப்போதைய இரண்டரை மணிக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். அகில இந்திய வானொலியின் விவித் பாரதி அலைவரிசை 1957 அக்டோபரில்தான் தொடங்கியது; அதற்கு முந்தைய நாளில் அதைச் சேர்க்கவும் கூடாது.

பதில் 3:
பழைய பேச்சு, பாட்டை ஃபோனிலிருந்து பின்பக்க கிராமஃபோன் துளையில் கொடுக்கலாம். ஆனால் ஏசி/டிசி செட்டில் (மின் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை) சேசிஸிலேயே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) கரண்ட் இருக்கும். வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒயரை மாட்டவே மாட்டாதீர்கள்.