மின்னிரட்டை அரிமானம்: வாகன உடலில் இரு உலோகம் சேருமிடத்து அரிப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

அலுமினியக் கதவில் எஃகுக் கீல் உட்காரும் இடத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும். கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். இரு வேறு உலோகங்கள் தொட்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்து ஒன்று விரைவாக அரியும் இந்தக் கேட்டுக்கு (ஆங்கிலத்தில் galvanic corrosion) நம் உரையாடலில் இதுவரை நான்கு தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: கால்வானிக் அரிமானம், மின்வேதி அரிமானம், ஈருலோக அரிமானம், வேற்றுலோக அரிமானம். நான்கையும் வாக்கியத்தில் போட்டு எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் இடறுகிறது. ‘மின்னிரட்டை அரிமானம்’ என்பதை நான் முன்வைக்கிறேன். இந்தச் சொல்லைப் படிக்கப்போகிறவர் கையில் ஸ்பேனரோடு வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர். எதை எதிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்லே அவருக்குக் காட்டிவிட வேண்டும்.

சொல்லின் பின்பாதியான ‘அரிமானம்’ என்பதில் நமக்குச் சிக்கல் இல்லை. துரு இரும்புக்கும் எஃகுக்கும் மட்டும் உரியது, அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. அரிப்பு என்றால் தோலும் மண்ணும் முன்னால் வந்து நிற்கும், ஆனாலும் பேச்சில் அது இருக்கட்டும். கலைச்சொல்லுக்கு, பாடநூல்களில் பழகிய அரிமானமே போதும்.

முன்பாதிக்கு வருவோம். ‘கால்வானிக்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. தவளைக் காலில் இரண்டு உலோகங்களைத் தொடவைத்துப் பார்த்த இத்தாலிய மருத்துவர் கால்வானி 1791-இல் தம் ஆய்வை வெளியிட்டார். மின்சாரம் தவளையிடமிருந்து வரவில்லை, இரண்டு உலோகங்களின் சேர்க்கையிலிருந்துதான் வருகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா மறுத்து, 1800-இல் முதல் பேட்டரியான தன் மின்னடுக்கைச் செய்து காட்டினார். பெயருக்கு வரலாறு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் அதே பெயர் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கால்வனைஸ்டு தகடு என்றால் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு. அரிமானத்தைத் தடுக்கப் போடுவது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘கால்வானிக் அரிமானம்’ என்று படிப்பவர் கால்வனைஸ்டு தகட்டுக்கு வரும் கேடு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

‘மின்வேதி அரிமானம்’ மிகவும் அகலம். மழையில் கிடக்கும் ஒற்றை இரும்புத் தகடு துருப்பிடிப்பதும் மின்வேதி வினைதான். அந்தத் தகட்டிலேயே ஓரிடம் கரைய, இன்னோரிடம் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. நாம் பெயர் தேடுவது இரண்டு வேறு பொருள்கள் சேர்ந்ததால் விரைவுபடும் அரிமானத்துக்கு. அந்தச் சேர்க்கை சொல்லில் தெரிய வேண்டும்.

ஈருலோகம், வேற்றுலோகம் இரண்டும் அதைக் காட்டத்தான் முயல்கின்றன. ஈருலோகம் என்றதும் வெப்பத்தால் வளையும் ஈருலோகப் பட்டைதான் நினைவுக்கு வரும். அது சின்னக் குறை. பெரிய குறை, இந்த இணையில் ஒன்று உலோகமாகவே இருக்க வேண்டியதில்லை என்பது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். எது எளிதில் அரியும் என்று கடல்நீரில் அளந்து பொருள்களை அடுக்கிய வரிசையில், கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட் எளிதில் அரியாத கோடியில், தங்கம் பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரில் பயணிகள் கூடு கார்பன் இழையால் ஆனது, அது உட்காரும் அடிச்சட்டம் அலுமினியம். இப்படிப்பட்ட இணைப்பில் இடையே பசையோ கண்ணாடி இழை அடுக்கோ இல்லாமல் ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் அழியும். ‘வேற்றுலோக அரிமானம்’ என்று மட்டும் கற்றவர், இங்கே ஒரே உலோகம்தானே, பயமில்லை என்று விட்டுவிடுவார். சொல்லே ஆளை ஏமாற்றிவிடும்.

தொடுகையை வைத்து ‘தொடுமின் அரிமானம்’ எனலாமா என்று யோசித்தேன். பழைய தமிழில் ‘மின்’ ஏவல் பன்மை விகுதி. காண்மின், கேண்மின் போல இதுவும் ‘தொடுங்கள்’ என்று ஒலிக்கிறது. எதைத் தொடவிடக் கூடாது என்கிறோமோ அதையே தொடச் சொல்லும் சொல்லாகிவிடும். ‘மின்னிணை’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாயில் வந்ததும் வீட்டு மின்னிணைப்பாக நீண்டுவிடுகிறது.

‘மின்னிரட்டை’க்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்து, சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் பெறும் அமைப்பை வெப்ப மின்னிரட்டை என்கிறோம். இங்கே வெப்பத்துக்குப் பதில் ஈரம். மேலும் இந்த அரிமானத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன: வேறுபட்ட இரண்டு பொருள், அவற்றுக்கிடையே மின்தொடர்பு. மூன்றாவது மின்பகுளி, அதாவது அயனிகளால் மின்சாரத்தைக் கடத்தும் நீர்மம்; வண்டியில் அது சேற்றோடு தெறிக்கும் உப்புநீர். மூன்றில் ஒன்றை அறுத்தால் அரிமானம் நிற்கும்.

எதை அறுப்பது என்பதில் வாகனத்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. பேட்டரியின் ஒரு முனைக்கு வண்டியின் உடலேதான் திரும்பு கம்பி. எல்லா இணைப்பிலும் மின்காப்பு வைத்துப் பிரித்துவிட முடியாது, விளக்கு எரியாது. பேட்டரியை உடலோடு இணைக்கும் எர்த் பட்டையைப் பூட்டும் இடத்தில் தொடர்பு இருந்தே ஆகவேண்டும், அங்கே நீரைத்தான் அறுக்க வேண்டும். வெறும் செம்பு முனை நேராக அலுமினியத்தில் படாமல் வெள்ளீயம் பூசிய முனையாகப் போட்டு, பூட்டியபின் மேலே மெழுகோ கிரீஸோ பூசி மூடுவார்கள். கீல், பம்பர் தாங்கி, நம்பர் பிளேட் திருகு போன்ற இடங்களில் நைலான் வாஷரும் சீலன்ட்டும் போதும்.

அடுத்தது துணைச்சொற்கள். இதில்தான் பெரிய தவறு காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கரையும் முனையைப் பாடநூல் வழக்கில் நேர்மின்முனை என்கிறோம். மின்னாற்பகுப்பில் அது சரி. ஆனால் இங்கே, அதாவது இணை தானாகவே மின்சாரம் தரும்போது, கரைகிற உலோகம் எதிர்க்குறி உடையது. ஆங்கில அறிவியலாளர் ஃபாரடே 1834-இல் ஆனோடு (நம் நேர்மின்முனை), கேத்தோடு (எதிர்மின்முனை) என்ற சொற்களைக் கொண்டுவந்தபோது நேர், எதிர் என்ற குறியை அவற்றில் வைக்கவில்லை. நாம்தான் மொழிபெயர்க்கும்போது குறியைச் சேர்த்துவிட்டோம். மீட்டர் வைத்துப் பார்க்கும் மாணவர் ‘நேர்மின்முனை அரியும்’ என்ற விதியைப் படித்துவிட்டு, நேர்க்குறி காட்டும் பக்கத்தைக் காப்பாற்ற ஓடுவார்; அரிவதோ மற்றப் பக்கம். ‘கரைமுனை’ என்றால் கடற்கரை மாதிரி ஒலிக்கிறது. ‘அரிமுனை’, ‘அரியாமுனை’ என்று வைத்தால் குறிக் குழப்பமே இல்லை.

வரிசைக்கும் தனிப் பெயர் வேண்டும். பாடநூலில் உள்ள மின்வேதி வரிசையில் அலுமினியம் -1.66 வோல்ட், துத்தநாகம் -0.76, இரும்பு -0.44, செம்பு +0.34. எதிர்க்குறி கூடியது முதலில் கரையும் என்று அதை நம்பினால் அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த இடத்தில் அலுமினியம் அரியும் என்று முடிவுகட்டுவோம். நடப்பில் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் அதைத் தாங்குவதால், கடல்நீரில் பெரும்பாலும் துத்தநாகம்தான் முதலில் போகிறது. இரண்டும் அருகருகே நிற்பதால் இழப்பும் மெதுவாக இருக்கும். அலுமினிய உடலுக்குத் துத்தநாகம் பூசிய எஃகு போல்ட் பொருந்துவது இதனால்தான். உண்மையான நீரில் அளந்து எடுத்த இந்த வரிசையை ‘மின்னிரட்டை வரிசை’ என்று பிரித்துச் சொல்வோம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“அலுமினியமும் எஃகும் சேர்ந்த மின்னிரட்டையில் அலுமினியம் அரிமுனை. அரிமுனை சிறிதாகவும் அரியாமுனை பெரிதாகவும் இருந்தால் கேடு வேகமாக வரும். எனவே பெரிய எஃகுத் தகட்டில் அலுமினிய ரிவெட் அடிக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடிக்க வாய்க்கிறதென்றால் அரியாமுனைக்கு அடியுங்கள். அரிமுனைக்கு மட்டும் அடித்தால், பெயிண்டில் விழும் ஒரு சிறு கீறலில் முழு மின்னோட்டமும் குவிந்து அங்கே ஓட்டை போடும்.”

தடையில்லாமல் ஓடுகிறது. ‘நேர்மின்முனை’யை வைத்து இதையே எழுதிப் பாருங்கள், அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடாமல் முடியாது. பரப்பு விகிதம் பற்றிய இந்த விதி கப்பல்காரர்கள் பட்டுத் தெரிந்தது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படையின் அலார்ம் என்ற கப்பலுக்கு அடியில் செம்புத் தகடு போர்த்தினார்கள். அடித்த ஆணிகள் இரும்பு. பெரிய செம்புப் பரப்புக்கு நடுவே சிறிய இரும்பு ஆணி. தகடு நின்றது, ஆணி கரைந்தது. ஆணிக்கும் தகட்டுக்கும் இடையில் இருந்த காகிதம் கிழியாத இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. நைலான் வாஷர் இன்று செய்வதும் அந்தக் காகிதத்தின் வேலைதான்.

ஒரு சொல் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எஃகின் மேல் பூசிய துத்தநாகம், கீறல் விழுந்த இடத்திலும் தான் கரைந்து எஃகைக் காக்கிறது. இதைத் தியாகப் பூச்சு என்பது கேட்க நன்றாக இருந்தாலும், பூச்சு தீர்ந்துபோகும், அவ்வப்போது பார்க்க வேண்டும் என்ற செய்தி அதில் இல்லை. ‘முன்னரி பூச்சு’ என்றால் முதலில் அரிவது எது என்பதாவது தெரிகிறது. இதைவிட எளிதாக நாவில் வரும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்ற மூன்றையும், அதாவது மின்னிரட்டை அரிமானம், மின்னிரட்டை வரிசை, அரிமுனை–அரியாமுனை ஆகியவற்றை, மறுப்பு இருந்தால் மாற்று வாக்கியத்தோடு சேர்த்து மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.