விலங்குகளை எண்ணப் போன இடத்தில் மனதை விட்டு அகலாத ஒன்று, உங்களுக்கும் உண்டா?

ஈரமண்:
குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறைதான்: சிலவற்றுக்குக் குறியிட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடித்தவற்றில் குறி உள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் கணிப்பது. நத்தைகள். முதல் சுற்றில் 60-க்கு ஓட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்து விட்டோம். இரண்டாம் சுற்றில் 50 கிடைத்தன, பொட்டு உள்ளவை 2. இன்னொன்றை மட்டும் விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டின் சுழியில் கடுகில் பாதி அளவு செம்மை. உரிந்த பாலிஷின் மிச்சமா, ஓட்டின் நிறமே அதுதானா? நகம் பட்டால் போய்விடுமோ என்று தொடவும் பயம். பொட்டு 2 என்றால் 60×50÷2, மொத்தம் 1500 நத்தை. 3 என்றால் 1000. மூன்று என்று எழுதினேன். இன்னும் உறுத்துகிறது.

பொறிக்காவல்:
எனக்கு எலி. காதில் வெட்டுக்குறி உள்ள அதே பெண் எலி, ஆறு காலையும் அதே பொறியில். கதவைத் திறந்தாலும் ஓடாது, இரையைத் தின்று முடித்துத்தான் இறங்கும். இப்படிப் பழகிய எலிகளால் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைந்துதான் வரும்.

வரிப்புலி:
பொறிக்காவல், எப்போதும் குறையாது. ஒருமுறை மாட்டியது பொறிப்பக்கமே வராமல் போனால் கணக்கு ஊதிவிடும். கேமராவிலும் நிம்மதி இல்லை. ஒரு படத்தில் புலியின் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். இரண்டு பக்க வரியும் வேறுவேறு. ஒரே புலியா, இரண்டா? எதிரெதிராக இரண்டு கேமரா வைக்காத ஓர் இரவு அது.

கணக்குப்பிள்ளை:
ஈரமண், அடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொட்டு வையுங்கள். ஒற்றைப் பொட்டோடு திரும்புபவற்றை வைத்து எவ்வளவு உதிர்கிறது என்று கணிக்கலாம். பறவையியலாளர் ஃபிரடெரிக் லிங்கன் 1930-ல் வாத்துகளுக்குப் போட்ட கணக்கு இதேதான், ஆனால் மறுபடி சிக்கியவை ஒற்றை இலக்கத்தில் இருந்தால் அது தள்ளாடும். புள்ளியியலாளர் சாப்மன் 1951-ல் தந்த திருத்தத்தைப் போடுங்கள்: மூன்று எண்ணோடும் ஒன்று கூட்டி, கடைசியில் ஒன்று கழியுங்கள். பொட்டு 2 என்றால் 61×51÷3−1, அதாவது 1036. பொட்டு 3 என்றால் சுமார் 777. இடைவெளி பாதியாகிவிட்டது பாருங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவே பிறப்பு, இறப்பு, வரத்து, போக்கு எதுவும் பெரிதாக இருக்கக்கூடாது; குறியிட்டவை மற்றவற்றோடு நன்றாகக் கலக்கவும் வேண்டும். ஒரே மூலையில் விட்டு அங்கேயே தேடினால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

ஈரமண்:
திருத்தம் போட்டுப் பார்த்தேன். என்னை உறுத்துவது அதுவல்ல. களக் குறிப்பேட்டில் 3-க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். தட்டச்சு செய்யும்போது 3 மட்டும்தான் போனது.