கம்பிக்கூண்டும் அரை மீட்டர் இடைவெளியும்

வில்லியனூரான்:
ஆவடியில் உருவாகும் டி-90 பீஷ்மா டாங்கிகளின் மேல் கம்பிக்கூண்டு கட்டிவிட்டால் ட்ரோன் பயம் தீர்ந்துவிடும் என்று முதுநகரான் எழுதியிருக்கிறார். பொறியியல் படித்தவன் என்ற முறையில் இதற்கு மறுப்பு எழுதாமல் இருக்க முடியவில்லை. ட்ரோன்கள் பெரும்பாலும் சுமந்து வரும் வெடிமுனை, தோளில் வைத்து ஏவும் ஆர்பிஜி-7 ஆயுதத்தினுடையது; அதன் விட்டம் 85 மில்லிமீட்டர். அதனுள் இருக்கும் செப்புக்கூம்பு வெடிப்பில் குவிந்து, ஊசியைப் போல நீண்டு பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் முழு நீளம் பெறுவதற்கு விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு, அதாவது ஏறக்குறைய அரை மீட்டர், தூரம் வேண்டும். கூரைக்கு அரை மீட்டர் உயரத்தில் கூண்டு கட்டுகிறவர், அந்தத் தூரத்தை எதிரிக்குத் தாமே அமைத்துக் கொடுக்கிறார்.

முதுநகரான்:
பயம் குறையும் என்றுதான் எழுதினேன்; தீரும் என்று எங்கும் எழுதவில்லை. எழுதாததை என் வாயில் திணிப்பது ஐயாவுக்குப் புதிதன்று. விஷயத்துக்கு வருகிறேன். ஆர்பிஜியின் பழைய வெடிமுனையே சுமார் 260 மில்லிமீட்டர் எஃகைத் துளைக்கும். டாங்கியின் கூரைத் தகடோ சில சென்டிமீட்டர் கனம்தான். நீங்கள் சொல்லும் தூரம் கிடைத்து 260 என்பது 300 ஆகிவிட்டாலும் அந்தக் கூரைக்கு என்ன வேறுபாடு? கூண்டு கட்டுவது பாய்ச்சலைப் பலவீனப்படுத்துவதற்காக அன்று. வெடிமுனையின் மூக்கில் அழுத்தத்தால் பிறக்கும் மின்சாரம், உள்ளும் புறமுமான இரண்டு உலோக உறைகள் வழியாகப் பின்புறத்தில் வெடிப்பைத் தொடங்கிவைக்கும் தூண்டியை அடைய வேண்டும். கம்பிகளுக்கிடையே மூக்கு நசுங்கினால் அவ்விரண்டு உறைகளும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் போய்ச் சேராது. 2003 இறுதியில் ஈராக்குக்குச் சென்ற அமெரிக்க ஸ்ட்ரைக்கர் கவச வண்டிகளைச் சுற்றிக் கம்பிச்சட்டம் பொருத்தியது இந்த நம்பிக்கையில்தான். 1945இல் பெர்லின் தெருக்களில் நுழைந்த சோவியத் டாங்கிகளும் ஜெர்மானியரின் கையடக்க டாங்கி எதிர்ப்பு ஆயுதமான பான்சர்ஃபாஸ்டுக்கு அஞ்சிக் கம்பிவலை கட்டிக்கொண்டன. படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வில்லியனூரான்:
படிப்பைக் குத்திக்காட்டுவதால் அரை மீட்டர் கால் மீட்டர் ஆகிவிடாது. இன்றைய ட்ரோன்கள் பலவற்றில் வெடிமுனைக்கு முன்னால் நீட்டிய கம்பிகள் எதிலாவது பட்டவுடனேயே வெடித்துவிடுகிறது. மூக்கு நசுங்கும்வரை அது காத்திருப்பதில்லை. ஆகவே ஸ்ட்ரைக்கர் உதாரணம் இங்கே பொருந்தாது. கூண்டில் பட்டு, அரை மீட்டர் உயரத்தில், முழு வலிமையோடு வெடிக்கும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பாகூர்ப்பெண்:
இருவரும் எந்த ட்ரோனைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. மேலிருந்து கையெறி குண்டைப் போடுவது ஒன்று. தானே வந்து மோதி வெடிப்பது மற்றொன்று. முதல் வகையில், திறந்திருக்கும் மேல்மூடி வழியாகக் குண்டு உள்ளே விழாமல் தடுத்தாலே கூண்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

நெய்வேலியான்:
இரும்பு பற்றவைக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் கூண்டின் அளவைப் பற்றிச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் உக்ரைனின் கிராஸ்னோகோரிவ்கா பக்கம் ரஷ்யர்கள் ஓட்டிவந்த ஆமை டாங்கிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தகரக் கொட்டகையையே டாங்கியின் மேல் கவிழ்த்திருந்தார்கள். பீரங்கி பொருத்திய சுழல்மேடையைத் திருப்பவே வழியில்லை. சுட முடியாத டாங்கியை டாங்கி என்று எப்படிச் சொல்வது? அதோடு, உருகிய செம்பு ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தோடு வரும்போது எந்தக் கம்பிதான் தாங்கும்?

முதுநகரான்:
தம்பி, செம்பு உருகி வருவதில்லை. திண்மமாகவே இருந்து, அளவு கடந்த அழுத்தத்தில் குழம்புபோல் நடந்துகொள்கிறது. எஃகைத் துளைப்பது அதன் வேகம், சூடு அன்று. பற்றவைக்கும் தொழிலையும் இதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம்.

நெய்வேலியான்:
என் தொழிலை இழுக்க வேண்டிய அவசியம் என்ன? நானும் கூண்டால் முழுப் பயன் இல்லை என்றுதானே சொன்னேன்? உங்களோடு ஒத்துப்போகாதவரை எல்லாம் ஒரே வரியில் தள்ளிவிடுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. முன்பு சுருக்குமடி மீன்வலையைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் செய்தீர்கள்.

வில்லியனூரான்:
சுருக்குமடியை நினைவூட்டியதற்கு நன்றி. அன்றும் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்றும் அரை மீட்டருக்குப் பதில் வரவில்லை. உருகுகிறதோ உருகவில்லையோ, அரை மீட்டர் அங்கேயே நிற்கிறது.

முதுநகரான்:
சுருக்குமடியை இங்கே இழுத்தவர் நானல்லர். ஆனால் வலை என்று வந்துவிட்டதால் சொல்கிறேன், ஏனென்றால் வலைநூலோடு வளர்ந்தவன் நான். 2025இல் பிரான்சின் பிரித்தானி (Bretagne) பகுதிக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் பயன்படுத்தி முடித்த வலைகள் உக்ரைனுக்குப் போயின. அங்கே சாலைகளின் இருபுறமும் கழி நட்டு, மேலே வலை விரித்து, லாரிகளையும் ஆம்புலன்சுகளையும் அந்த வலைக்கூடத்தின் வழியே ஓட்டுகிறார்கள். இறக்கை சுழலும் வேகத்தில் நூல் சுற்றிக்கொண்டால் ட்ரோன் அங்கேயே தொங்கும். வெடித்தாலும் லாரியின் கூரைக்குச் சில மீட்டர் தள்ளி வெடிக்கும். அவ்வளவு தூரத்தில் பாய்ச்சல் துண்டுதுண்டாகச் சிதறிவிடும் என்பதை அரை மீட்டர்க் கணக்கு போட்டவரே அறிவார். ட்ரோனின் ரேடியோ தொடர்பைக் குலைக்கும் ஜாமர் இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். மெல்லிய கண்ணாடி இழையை வால்போல் விட்டுக்கொண்டு, அதன் வழியே ஆணை பெற்றுப் பறந்து வரும் ட்ரோனிடம் எந்த ஜாமரும் செல்லாது. அதனால்தான் இரும்பும் நூலும் திரும்பவும் மதிப்புப் பெறுகின்றன. 2021 இறுதியில் ரஷ்யர்கள் கூரைச்சட்டம் கட்டியபோதும், மறு ஆண்டு அது டாங்கியின் கூரையைத் தாக்கும் ஜாவலின் ஏவுகணையைத் தடுக்காதபோதும் உலகமே ஏளனம் செய்தது. 2023 அக்டோபரில் காசா எல்லையில் நின்ற இஸ்ரேலின் மெர்காவா டாங்கிகளின் மேலும் அதே சட்டம் ஏறியது. ஆவடி டாங்கிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அவர்களிடம் போய் அரை மீட்டர்ச் சூத்திரத்தைச் சொல்லிக் கூண்டைக் கழற்றச் சொல்வீர்களா?

வில்லியனூரான்:
உணர்ச்சியைத் தூண்டும் பேச்சு கணக்குக்குப் பதிலாகாது. சாலையில் விரிக்கும் வலை வேறு, டாங்கியின் மேல் பற்றவைத்த கூண்டு வேறு. நான் கேட்டது கூண்டைப் பற்றி. உயரம் அரை மீட்டர்.

பாகூர்ப்பெண்:
எந்த வகை ட்ரோன் என்று நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முதுநகரான்:
அம்மா, பிறகு வருகிறேன். வில்லியனூராரே, 260 மில்லிமீட்டர் துளைக்கும் முனைக்குமுன் சில சென்டிமீட்டர்க் கூரை, கூண்டு இல்லாமல் எப்படித் தப்பும் என்று முதல் பதிவிலேயே கேட்டேன். அதற்கு ஒரு வரியேனும் எழுதிவிட்டு அரை மீட்டரைப் பேசுங்கள்.

வில்லியனூரான்:
முதலில் கேட்டவன் நான்.