கோத்தகிரியில் கிடைத்த 100 அங்குல லேண்ட் ரோவர்: யார் கைவேலை இது?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் கிடந்த லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ-வை மார்ச்சில் வாங்கினேன். ஆர்.சி. புக்கில் 1964, பெட்ரோல். உள்ளே இருப்பதோ நாலு சிலிண்டர் சிம்சன் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். ஹெட்லைட் இரண்டும், பிற்கால வண்டிகளைப் போல மட்கார்டில் இல்லாமல், கிரில்லோடு சேர்ந்தே இருப்பதால் வருஷம் சரியாக இருக்கலாம்.

குழப்பம் வீல்பேஸில்தான், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தில். கம்பெனி கொடுத்த சீரிஸ் 2ஏ-வில் 88 அல்லது 109 அங்குலம்தான் உண்டு. இதை மூன்று முறை டேப் பிடித்து அளந்துவிட்டேன், 100 அங்குலம்! பின் ஸ்பிரிங்குக்கு முன்னால் சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) சாய்வாக வெட்டி, இரண்டு பக்கமும் தகடு வைத்து ரிவிட் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தால் விளிம்புகூட விரலில் தட்டவில்லை. அவசரத்துக்குச் செய்த வேலையே இல்லை. பச்சை பெயிண்டைச் சுரண்டினால் அடியில் சிவப்பு வருகிறது.

சேசிஸ் எண் தகடு காணோம். முன் வலது ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் ‘25’ மட்டும் தெரிந்தது. அது 109 பெட்ரோலுக்கான தொடக்க எண். பதிவு அலுவலகத்தில் பழைய ஏடு கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் வண்டி முதலில் தயாரான விவரத்துக்குச் சான்றிதழ் வாங்கலாம் என்றால், முழு எண் வேண்டும். தோட்டத்துப் பழைய டிரைவர்களுக்கும் வண்டி வந்த கதை தெரியவில்லை.

நீலகிரியிலோ வால்பாறையிலோ 109-ஐ இப்படி 100 அங்குலமாகக் குறைத்துக் கொடுத்த பட்டறை எது என்று யாருக்காவது தெரியுமா?