ஆயில் பாய்லர் காலையில மட்டும் லாக்-அவுட் ஆகுது, என்ன பண்றது?

கேள்வி:
வீட்டை சூடாக்குற ஆயில் பாய்லர் ஒரு வாரமா படுத்துது. ராத்திரி மைனஸ் 6 வரைக்கும் போகுது, காலையில எழுந்து பார்த்தா லாக்-அவுட் ஆகி, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்னு, சிவப்பு லைட் எரியுது, வீடே சில்லுனு கிடக்கு. ரீசெட் அமுக்கினா ஃபேன் சுத்துது, தீ பிடிக்குது, நாலஞ்சு செகண்டுல அணைஞ்சிடுது. ஆனா மதியம் ஆயிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. போன சர்வீஸ்ல நாசில் புதுசா மாத்தினாங்க. நேத்து ஆறேழு தடவை ரீசெட் அமுக்கினேன், கடைசியில டம்முனு ஒரு சத்தம், கொஞ்சம் புகையும் வந்துச்சு. வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, பயமா இருக்குங்க.

பதில் 1:
முதல்ல ரீசெட்டை அமுக்குறத நிறுத்துங்க, ப்ளீஸ். ஒவ்வொரு தடவையும் நாசில் எண்ணெயைத் தெளிக்குது, எரியாத எண்ணெய் உள்ளயே தேங்கி நிக்குது, அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரேயடியா பிடிக்கும்போதுதான் அந்த டம். ஒரு தடவை அமுக்குங்க, பிடிக்கலன்னா விட்டுடுங்க. டம்முனு சத்தம் வந்துட்டதால, மறுபடி ஓட விடுறதுக்கு முன்னாடி டெக்னீஷியன் ஒருத்தர் உள்ள பார்த்துடறது நல்லது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காலையில மக்கர், மதியம் சரின்னு சொல்றீங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு. பர்னர், அதான் தீ எரியுற பாகம், வீட்டுக்குள்ள இருக்குன்னா அதுக்குக் காலையும் மதியமும் பெரிய வித்தியாசம் இல்ல, மாறுறது வெளிய இருக்கிற டேங்க்கும் பைப்பும் ஃபில்டரும்தான். நீங்க ஊத்துறது மண்ணெண்ணெயா டீசலா? டீசல்னா குளிர்ல மெழுகு மாதிரி உறைஞ்சு ஃபில்டரை அடைச்சிடும். மண்ணெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது, அப்போ என் சந்தேகம் தண்ணிமேலதான். டேங்க்ல காத்து ஈரம் படிஞ்சு தண்ணியாகும், அது எண்ணெயை விடக் கனம், அடியில போய் உக்காரும், அங்கிருந்து ஃபில்டர் கிண்ணத்துக்கு வந்து ராத்திரி ஐஸாயிடும். டேங்க் வால்வை மூடிட்டு, கீழ ஒரு பக்கெட் வச்சு, கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க.

பதில் 2:
நான் கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கிறேன். தீ பிடிச்சு உடனே அணையுதுன்னா போட்டோசெல்லையும் (தீயோட வெளிச்சத்தைப் பார்க்கிற சென்சார்) பார்க்கணும், கண்ணாடியில கரி படிஞ்சிருந்தா தீ எரியுறதே அதுக்குத் தெரியாது, கன்ட்ரோல் பாக்ஸ் உடனே எண்ணெயை நிறுத்திடும். கரன்ட்டை ஆஃப் பண்ணிட்டு மெல்லிசு துணியால துடைச்சாப் போதும். அப்புறம் உங்களோடது கண்டென்சிங் மாடல்னா (புகையில இருக்கிற நீராவியைத் தண்ணியாக்கி அந்தச் சூட்டையும் எடுத்துக்கிற வகை) வெளிய போற கழிவுத்தண்ணி பைப் உறைஞ்சிருக்கான்னும் பாருங்க, உறைஞ்சிருந்தா உள்ள களகளன்னு சத்தம் கேக்கும். வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க, கொதிக்கிற தண்ணி வேண்டாம், பைப் விரிசல் விட்டுடும்.

பதில் 1 எழுதினவர்:
போட்டோசெல் பார்க்கிறது நல்லதுதான், ஆனா கரி படிஞ்சிருந்தா மதியமும் அணையணுமே? அதான் நான் வெளிய பார்க்கச் சொல்றேன்.

கேட்டவர்:
மண்ணெண்ணெய்தான். கிண்ணத்தைக் கழட்டினேன், மேல தெளிவா எண்ணெய், அடியில பழுப்புத் தண்ணி, அதுல நாணயம் சைஸ்ல வட்டமா ஐஸ் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு! ஃபில்டர் மடிப்புக்குள்ளயும் பொடிப்பொடியா ஐஸ். சுத்தம் பண்ணி மாட்டினேன், டெக்னீஷியன் வந்து உள்ள தேங்கின எண்ணெயைத் துடைச்சு, பம்ப்ல இருந்த காத்தையும் எடுத்து விட்டுட்டுப் போனார், ஓடுச்சு. ஆனா இன்னைக்குக் காலையில மறுபடி ஒரு தடவை நின்னுச்சு.

பதில் 1 எழுதினவர்:
கிண்ணத்துல வந்தது கொஞ்சம்தான், டேங்க் அடியில இன்னும் இருக்கு. அடியில வடிகால் வால்வு இருந்தா அது வழியா, தண்ணி நின்னு எண்ணெய் வர்ற வரைக்கும் வடிங்க, அதை மண்ணுலயோ சாக்கடையிலயோ ஊத்தாதீங்க. வடிச்சதுக்கு அப்புறம் மூடியையும் காத்துப் போற குழாயையும் பாருங்க, மழை உள்ள போக வழி இருந்தா எத்தனை தடவை வடிச்சாலும் இதே கதைதான். வெளிய போற எண்ணெய் பைப்புக்கு உறை போடுங்க. டேங்க் பர்னரை விடத் தாழ்வா இருந்தா ஒவ்வொரு ஜாயின்ட்டையும் செக் பண்ணச் சொல்லுங்க, உறிஞ்சுற பக்கம் லீக் இருந்தா எண்ணெய் சொட்டாது, காத்துதான் உள்ள போகும், அதனால கண்ணுக்கே தெரியாது.

பதில் 3:
குழந்தை இருக்குன்னு சொன்னீங்க, புகையும் வந்திருக்கு. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா? இல்லன்னா இன்னைக்கே வாங்கி மாட்டுங்க, அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

கேட்டவர்:
அலாரம் மாட்டியாச்சு. டேங்க்ல இருந்து ரெண்டு லிட்டர் போல தண்ணி வடிஞ்சுது, மூடியோட ரப்பர் வளையம் வெடிச்சிருந்துச்சு, மாத்திட்டேன். மூணு நாளா ராத்திரி அதே குளிர், காலையில தானாவே ஸ்டார்ட் ஆகுது. பைப்புக்கு உறை போடுறது இந்த வாரக் கடைசியில. ரொம்ப நன்றிங்க.